கலவைக் காப்பாளரின் மௌனம்

மறைந்த இயக்குநருக்குக் காலை பத்தரை மணிக்குத் தேநீர் போகும். சர்க்கரை அரைக் கரண்டி. அவர் மறைந்து பதினோரு வருடமாகியும் இந்த ஏற்பாட்டில் ஒரு நாள்கூடத் தவறு நேர்ந்ததில்லை என்று நிலையத்தின் ஆண்டறிக்கை 'தொடர்ச்சி' என்ற தலைப்பின் கீழ்ப் பெருமையோடு சொல்லும். முதல் நான்கு வருடங்கள் கோப்பை காலியாகத்தான் திரும்பி வந்தது. தேநீர்க்காரர் தன் ஏட்டில் 'ஆவியாதல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆராய்ச்சி நிலையம் அல்லவா, காரணம் எழுதாமல் அங்கே எதுவும் காலியாகக் கூடாது. பிறகு ஒரு நாளிலிருந்து கோப்பை நிரம்பியபடியே, மேலே ஆடை படிந்து திரும்பி வர ஆரம்பித்தது. அதற்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

நிலையத்தின் வேலை எலும்பு ஆணிகளுக்குத் தோல் வளர்ப்பது. உடைந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்க டைட்டானியத்தில் ஆணி செய்வார்கள். வழவழப்பான ஆணியை எலும்பு நம்பாது. அதனால் ஆணியைக் கரைசல் தொட்டியில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் அதன் மேல் ஆக்சைடு ஒரு தோலாக வளரும். கரைசலில் இருக்கும் ஃப்ளோரைடு அந்தத் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, கண்ணுக்குத் தெரியாத துளைகளைக் குடைந்துகொண்டே போகும். மின்சாரம் வளர்க்க, கரைசல் அரிக்க, இரண்டும் சண்டை போட்டுச் சமாதானமாகும் இடத்தில் நல்ல துளைத் தோல் நிற்கும். எலும்பு அந்தத் துளைகளுக்குள் வேர்விட்டுப் பிடித்துக்கொள்ளும். சமாதானம் எங்கே நிற்கும் என்பது முழுக்க முழுக்கக் கரைசலின் கலவையைப் பொறுத்தது.

அந்தத் தொட்டியைப் பதினாறு வருடமாகப் பார்த்துக்கொள்பவளைத் தொட்டியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். மின்னோட்டம் காட்டும் முள்ளைப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவாள். தோல் படியும்போது முள் சரசரவென்று இறங்கும், துளை திறக்கும்போது கொஞ்சம் ஏறும், பிறகு நிற்கும். நின்ற பிறகுதான் அவள் மூச்சு விடுவாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அன்றைய கரைசல் முழுவதையும் கழிவுக் கேனில் கொட்டித் தொட்டியைத் துடைப்பாள். 'ஒவ்வொரு நாளும் புதுக் கரைசல், தூய கரைசல்' என்பது மறைந்த இயக்குநர் எழுதிக் கொடுத்த கலவையின் முதல் வரி. சுவரில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

கொட்டும்போது மட்டும் அவளுக்குப் பிடரியில் ஏதோ ஊரும், யாரோ பின்னால் நின்று பார்ப்பதுபோல. திரும்பினால் சுவர், அதில் ஒரு கண்ணாடி ஜன்னல், அதன் மறுபக்கம் திரை. திரைக்கு அப்பால் மறைந்த இயக்குநரின் அறை. மின்விசிறி எப்போதும் ஓடும், அதனால் திரையும் எப்போதும் அசையும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் அங்கே உட்கார்ந்து அவளைக் கவனித்ததுண்டு. அந்த நினைப்புதான் போகவில்லை என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்வாள்.

அவளுக்கு ஒரே தங்கை, அச்சகத்தில் வேலை. தாள் கட்டோடு படியில் சறுக்கி விழுந்ததில் தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. நிலையத்தின் ஆணியைத்தான் போட்டார்கள். எட்டு மாதத்தில் ஆணி ஆட்டம் கண்டுவிட்டது. அதிலிருந்து தங்கை வீட்டுக்குள் நடந்தால் ஒரு கால் 'டக்' என்று விழும், இன்னொன்று 'சர்ர்' என்று இழுபடும். சமையலறையில் நின்றபடியே தொட்டியக்கா அந்தச் சத்தத்தைக் கேட்பாள். ஆணிக்குத் தோல் வளர்த்தது அவள் கை.

அறுவை மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"எலும்பு பிடிக்கவே இல்லம்மா. ஆணி மேல இருந்த தோல் உரிஞ்சு வந்திருக்கு. அடுத்த மாசம் இன்னொண்ணு போடலாம். ஆனா அதுதான் கடைசி. அதுவும் ஆடிடுச்சுன்னா, மறுபடி துளைக்க அந்த எலும்புல இடம் இல்ல."

"வேற எங்கேருந்தாவது ஆணி வாங்கலாமா, டாக்டர்?"

"எங்க ஆஸ்பத்திரிக்கு உங்க நிலையம்தான்மா ஆணி குடுக்குது. உங்களுக்குத் தெரியாததா?"

அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு ஆணியின் மேலும் ஒட்டு நாடாவை ஒட்டிப் பிரித்துப் பார்த்தாள். சாம்பல் நிறத் தோல் நாடாவோடு அப்படியே உரிந்து வந்தது. நிலையத்தில் இந்தச் சோதனை முன்பு இருந்ததுதான். பொருளுக்குச் சேதம் விளைவிக்கிறது என்று அதைக் கைவிட்டு, ஒரு மீட்டர் தூரத்தில் நின்று நிறம் பார்க்கும் சோதனையை வைத்திருந்தார்கள். அதில் இதுவரை ஒரு ஆணியும் தோற்றதில்லை.

விஷயம் பிடிபட்டது கழிவு எடுக்க வருபவரால்தான். அவர் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டார். கேன்கள் நிரம்பிவிட்டன, கொட்ட இடமில்லை. வேறு வழியில்லாமல் தொட்டியக்கா நேற்றைய கரைசலிலேயே இன்றைய ஆணிகளைத் தொங்கவிட்டாள். மூன்றாம் நாள் நாடாவை ஒட்டிப் பிரித்தாள். நாடா சுத்தமாக வந்தது. நகத்தால் சுரண்டினாள், தோல் அசையவில்லை. திரும்பத் திரும்ப ஏழு தடவை செய்து பார்த்தாள். புதுக் கரைசல் பசியோடு இருக்கும், வளரும் தோலையே தின்றுவிடும். ஏற்கெனவே கொஞ்சம் டைட்டானியத்தைக் கரைத்து வயிறு நிறைந்த கரைசல் நிதானமாக அரிக்கும். பதினோரு வருடமாகச் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தான் கொட்டியது என்ன என்று அவளுக்குப் புரிந்தபோது, தொட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நாடாக்களை ஒரு தாளில் ஒட்டி எடுத்துக்கொண்டு பொறுப்பு இயக்குநரிடம் போனாள். பதினோரு வருடமாக அவர் பொறுப்பு இயக்குநர்தான். முழு இயக்குநர் பதவி காலியாகவில்லை என்பது நிலையத்தின் நிலைப்பாடு.

"அழுக்குக் கரைசல்ல நல்ல தோல் வருதுங்கிற?" என்றார் அவர், நாடாவைத் தொடாமல்.

"அழுக்கு இல்ல சார், பழசு. ஏழு தடவை பார்த்துட்டேன். மூணுல ரெண்டு பங்கு பழசை வெச்சுக்கிட்டு ஒரு பங்கு மட்டும் புதுசு ஊத்தினாப் போதும்."

"அம்மா, இந்த நிலையத்துல உயிரோட இருக்கிறவங்க செய்யிற தப்புக்கு நான் பொறுப்பு. மறைஞ்சவர் செஞ்ச சரிக்கு அவர் பொறுப்பு. கலவை அவரோடது. அதுல நான் கை வெச்சா, அது தப்புங்கிற கணக்குல வந்துடும். என்னை எதுக்கு மாட்டி விடுற?"

"ஆணி ஆடுது சார். என் தங்கச்சி கால்ல ஆடுது."

"அது ஆஸ்பத்திரி விஷயம். நம்மகிட்ட இருந்து போகும்போது ஆடல இல்ல?"

கலவையை மாற்றும் அதிகாரம் கலவைக் காப்பாளர் ஒருவருக்குத்தான் உண்டு. அந்தப் பதவியில் இருப்பவர் மறைந்த இயக்குநர். இது மறதியால் நேர்ந்தது அல்ல. உயிரோடு இருந்தபோது அவர் ஒரே வருடத்தில் கலவையை நான்கு முறை மாற்றியிருக்கிறார். மறைந்த பிறகு ஒரு முறைகூட மாற்றவில்லை. அதிலிருந்து நிலையம் நிலைத்தன்மைக்காக ஏழு விருதுகள் வாங்கியிருந்தது. அந்த அனுபவத்தை வைத்து, இனிமேல் காப்பாளர் பதவியில் மறைந்தவர்களையே அமர்த்துவது என்று விதியையும் திருத்திவிட்டார்கள்.

அவள் விடவில்லை, நச்சரித்து ஒரு குழுக் கூட்டத்துக்கு வழி பண்ணினாள். கூட்டம் காப்பாளரின் அறையிலேயே நடந்தது. அவர் நாற்காலி மேசையின் தலைமாட்டில் இருந்தது. அதன் மெத்தையில் ஆள் உட்கார்ந்த பள்ளம். பதினோரு வருடத்தில் அந்தப் பள்ளம் ஏன் தூர்ந்துபோகவில்லை என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. கூட்டக் குறிப்பு எழுதுபவர் முதல் வரியாக 'காப்பாளர் கலந்துகொண்டார்' என்று எழுதினார்.

"பதினோரு வருஷமா நம்ம கரைசல்ல ஒரு தூசு கிடையாது," என்று பொறுப்பு இயக்குநர் ஆரம்பித்தார். "வெளிநாட்டுலேருந்து வந்தவங்க தொட்டியப் பார்த்துட்டு, இதுல ஏதாவது நடக்குதான்னே கேட்டாங்க. அவ்வளவு தூய்மை."

"தூசும் இல்ல, தோலும் நிக்கல சார்," என்றாள் தொட்டியக்கா.

குறிப்பு எழுதுபவர், 'தொட்டிப் பணியாளர் தூய்மையைப் பாராட்டினார்' என்று எழுதிக்கொண்டார்.

பிறகு காப்பாளரின் கருத்தைக் கேட்டார்கள். அதற்கென்று ஒரு முறை இருந்தது. எல்லோரும் காலி நாற்காலியின் பக்கம் திரும்பி இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். விசிறி சுற்றியது. திரை அசைந்து ஜன்னல் கொஞ்சம் தெரிந்தது, அதன் வழியே அவளுடைய தொட்டி தெரிந்தது. இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. தொட்டியின் விளிம்பில் அவள் வைத்துவிட்டு வந்த கையுறைகூடத் தெரிந்தது.

"அவர் மறுப்பு சொல்லலியே சார்?"

"ஒப்புதலும் சொல்லலியேம்மா," என்றார் பொறுப்பு இயக்குநர் கனிவோடு. கூட்டம் கலைந்தது.

வராந்தாவில் பதிவாளர் அவளைக் கூப்பிட்டார். மெல்லப் பேசும் மனிதர், யாரையும் கடிந்துகொள்ளாதவர். நிலையத்தில் அவள் பயந்தது அவர் ஒருவருக்குத்தான்.

"மனசை விட்டுடாதீங்க. துணைக் கலவைக் காப்பாளர்னு ஒரு பதவி காலியா இருக்கு. அந்தப் பதவிக்கு வர்றவங்களும் ஒரு கலவை எழுதலாம், ஒரே ஒரு தடவை, கடைசி விருப்பமா. எழுதினா அதை அப்படியே அமல்படுத்தியே ஆகணும். குழுவுக்கே போக வேண்டாம்."

"எனக்குத் தகுதி இருக்கா சார்?"

"தகுதி மூணு. பதினஞ்சு வருஷம் தொட்டி வேலை. கரைசல் அறிவு. மறைவு. முதல் ரெண்டும் உங்களுக்கு இருக்கு."

அவள் சிரிக்கலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிக்க இடமில்லை.

"மூணாவது ஒரு படிவம்தாம்மா," என்றார். "இயற்கையா நடந்தாலும் அந்தப் படிவத்தைப் போட்டுத்தான் ஆகணும். படிவத்தை முன்னாடியே போட்டுட்டா, இயற்கைக்கு அவசரமில்ல."

"அப்புறம் நான் எங்க இருப்பேன்?"

"அவர் அறையிலதான். ரெண்டு பேருக்கு இடம் இருக்கு. கட்டில், குளியலறை எல்லாம் உள்ளேயே உண்டு, சாப்பாடு வந்துடும். ஆனா வெளியே போக முடியாது. மறைஞ்சவங்க வெளியே போறதை எழுதக் காவலாளிகிட்ட ஏடு கிடையாது. பேசக் கூடாது, யாருக்கும் எழுதிக் காட்டவும் கூடாது. பேசினா உயிரோட இருக்கிறதா அர்த்தமாயிடும். நியமனம் முதல் தேதியிலேருந்தே செல்லாது. அந்தக் கலவையில தயாரான ஆணி எல்லாம் அங்கீகாரம் இல்லாத ஆணி. திரும்ப வாங்கிடணும்."

"உடம்புக்குள்ள போனதையா?"

"விதியில இடம் சொல்லலம்மா. 'எங்கிருந்தாலும்'னுதான் இருக்கு."

அவள் மூன்று நாள் யோசித்தாள். மூன்று நாளும் வீட்டில் 'டக், சர்ர்' என்ற சத்தம் கேட்டது. நான்காம் நாள் போய்ப் படிவம் வாங்கினாள். மறைவுக்கான காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டதற்குப் பதிவாளர் "பணின்னு போடுங்க, எல்லாருக்கும் அதான்," என்றார். 'மேற்படி மறைவை நேரில் கண்டு உறுதி செய்கிறேன்' என்ற வரியிலும் அவளையே கையெழுத்துப் போடச் சொன்னார். அவளைவிட அருகில் யாரும் இருந்திருக்க முடியாதாம். கடைசி விருப்பத்தை அவள் ஐந்து வரியில் எழுதினாள்.

"வீட்டுல என்ன சார் சொல்றது?"

"நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். நாங்க தெரியப்படுத்திடுவோம், நல்ல தாள்ல."

மறுநாள் காலை வருகைக் கருவி அவள் விரலைப் படிக்கவில்லை. காவலாளி தலை குனிந்து வழிவிட்டார். முற்றத்தில் இரங்கல் கூட்டம். எங்கே நிற்பதென்று தெரியாமல் அவளும் வரிசையின் கடைசியில் நின்றாள். "அவர் எதையும் மாற்ற விரும்பாதவர்," என்று பொறுப்பு இயக்குநர் நாத் தழுதழுக்க வாசித்தார். "பதினாறு ஆண்டுகளில் ஒரு யோசனை சொல்லி நமக்குச் சிரமம் கொடுத்ததில்லை." கழிவு எடுப்பவர் ஒருவர்தான் அவளைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு பதிவாளர் அவளை அறைக்கு அழைத்துப்போனார். கதவை மூடுமுன், "ரொம்ப நன்றிம்மா," என்றார். வாயைத் திறக்கப் போனவள் சட்டென்று மூடிக்கொண்டாள். அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

ஜன்னல் வழியே தொட்டி தெரிந்தது. அவள் இடத்தில் புதிதாக வந்தவன் இன்னொரு பிரிவிலிருந்து மாற்றலானவன், நடுத்தர வயசு, நிதானமான கை. அவள் எழுதிய கலவை சுவரில் ஏறியிருந்தது. நான்காம் நாள் தொங்கவிட்ட தட்டில் தங்கையின் ஆணி இருந்தது. சீட்டில் தங்கையின் ஆஸ்பத்திரி எண் பார்த்து அடையாளம் கண்டுகொண்டாள். முள் இறங்கியது. கொஞ்சம் ஏறியது. நின்றது. நின்ற பிறகும் அவளால் மூச்சு விட முடியவில்லை. புதியவன் யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒட்டு நாடாவை எடுத்தான். ஒட்டினான், பிரித்தான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பாமலே நாடாவை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தான். சுத்தமாக இருந்தது. தொட்டியக்கா மேசை மேல் தலை வைத்து அழுதாள், சத்தம் வராமல்.

பத்தரைக்குத் தேநீர் இரண்டு கோப்பையாக வர ஆரம்பித்தது. அவள் சர்க்கரை போடாமல் குடிப்பவள். ஆனால் காப்பாளர்களுக்கு அரைக் கரண்டி என்பது விதி. இவளுடையது காலியாகத் திரும்பியது, அவருடையது ஆடை படிந்து திரும்பியது. இரண்டாவது வாரம், கோப்பை வைக்கும் மேசையின் அடி இழுப்பறையை அவள் இழுத்துப் பார்த்தாள். உள்ளே கட்டுக் கட்டாகத் தாள்.

மறைந்த இயக்குநரின் கையெழுத்து அவளுக்குத் தெரியும், பதினோரு வருடமாகச் சுவரில் பார்த்ததுதானே. முதல் தாளின் தேதியைப் பார்த்தாள். அவர் மறைந்ததாக நிலையம் அறிவித்த நாளுக்கு ஒன்பது நாள் பின்னால் இருந்தது. கடைசித் தாளின் தேதி அதிலிருந்து நான்கு வருடம் கழித்து. பிடரியில் ஊர்ந்தது எது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கோப்பைகள் ஏன் காலியாகத் திரும்பின என்பதும் தெரிந்தது.

'இன்று புதுக் கரைசலில் தோல் உரிகிறது. ஏன்?' என்று முதல் தாளில் இருந்தது. சில தாள்கள் தள்ளி: 'புரிந்துவிட்டது. நான் வேலை செய்தது என் பழைய சோதனைத் தொட்டியில், மாதக் கணக்கில் கழுவாதது. கலவையை எழுதும்போது அதை எழுத வெட்கமாக இருந்தது. புது, தூய என்று எழுதினேன். அது என் கடைசி விருப்பமாகிவிட்டது.' அதன் பிறகு நாளுக்கு ஒரு வரிதான். 'இன்றும் கொட்டினாள்.' 'இன்றும் கொட்டினாள்.' ஓரிடத்தில் மட்டும் எழுத்து கோணலாக இருந்தது: 'கண்ணாடியைத் தட்டலாம். தட்டினால் போட்ட ஆணிகளைப் பிடுங்குவார்கள். பாதியாவது பிடித்திருக்குமே. கொட்டாதே அம்மா.'

அவள் அவருடைய நாற்காலியைப் பார்த்தாள். அந்தக் கோணல் எழுத்துக்குப் பிறகும் இரண்டு வருடம் அவர் அங்கே உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் உண்மையிலேயே இறந்திருக்கிறார். அதற்குத் தனியாகப் படிவம் தேவைப்படாததால் நிலையத்துக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிந்தவர்களுக்கு எழுத இடமில்லை. உடலை எங்கே கொண்டுபோய் வைத்தார்களோ. அவளுக்கு அவர் மேல் கோபம் வரவேண்டும். வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது. தன்னுடைய ஐந்து வரியை மனதுக்குள் ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தினமும் சரிபார்த்தாள்.

தங்கை நான்காவது மாதம் வந்தாள். இறந்தவரின் பொருள்களைப் பெற்றுக்கொள்ள வரும்படி நிலையம் எழுதியிருந்தது. சாப்பாட்டு டப்பா, மூக்குக் கண்ணாடி, ஒரு குடை. பதிவாளர் அவளை அறைக்கே கூட்டிவந்தார், உறவினர் வணக்கம் செலுத்த விதியில் பத்து நிமிடம் உண்டு. குறிப்பு எழுதுபவரும் மூலையில் வந்து உட்கார்ந்தார்.

வாசலில் தங்கை சிலையாக நின்றுவிட்டாள். பிறகு ஓடி வந்து அக்காவின் கையைப் பிடித்தாள்.

"அக்கா! கை சூடா இருக்கு. நீ செத்துட்டேன்னு லெட்டர் வந்துச்சுடி. எழுந்திரிக்க முடியாம படுத்துக்கிட்டு, தலையணையைக் கடிச்சுக்கிட்டு அழுதேன். வா, எந்திரி. வீட்டுக்குப் போலாம். ஏன் பேச மாட்டேங்குற? என்மேல ஏதாவது கோவமா?"

தொட்டியக்காவின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. குறிப்பு எழுதுபவர் 'அறையில் ஈரப்பதம் அதிகம்' என்று எழுதினார்.

பதிவாளர் தங்கையிடம் மெல்லிய குரலில் எல்லாவற்றையும் விளக்கினார். எதையும் மறைக்கவில்லை, அவர் அப்படிப்பட்டவர் அல்ல. பேசினால் என்ன ஆகும் என்பதையும் 'எங்கிருந்தாலும்' என்ற சொல்லையும் சொன்னார்.

"அவ்வளவுதானா? எடுத்துக்கோங்க," என்றாள் தங்கை. குனிந்து தொடையைத் தட்டினாள். "இந்தா இருக்கு உங்க ஆணி. பிடுங்கிக்கோங்க. நான் இழுத்துக்கிட்டே நடந்துக்கிறேன். எங்க அக்காவைக் குடுங்க."

"உங்களோடது ஒண்ணு மட்டும்னா பரவாயில்லம்மா. இதுவரை இருநூத்திப் பதினாலு போயிருக்கு." அவர் பட்டியலை நீட்டினார். பெயர் கிடையாது. வயதும் எலும்பும் மட்டும்தான். தங்கையின் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. இடுப்பு, அறுபத்தொன்று. முழங்கை, முப்பத்து நான்கு. தாடை, ஒன்பது. அங்கே நின்றுவிட்டது.

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா அவளைப் பார்த்தாள். வீட்டில் ஒருவர் சொல்வதற்கு முன்பே மற்றவருக்குப் புரியும் வழக்கம் அவர்களுக்கு உண்டு. அன்றைக்கும் புரிந்தது. தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேனாவை வாங்கினாள். 'மறைந்தவரின் பொருள்கள் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டாள். டப்பாவையும் குடையையும் எடுத்தாள். மூக்குக் கண்ணாடியை மட்டும் மேசை மேல் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

வராந்தாவில் அவள் நடக்கும் சத்தம் கேட்டது. டக். டக். டக். டக். இரண்டு காலும் ஒரே சத்தம். தொட்டியக்கா கண்ணை மூடிக்கொண்டு அது படி இறங்கி மறையும்வரை கேட்டாள்.

அதிலிருந்து புதன்கிழமைதோறும் பதினோரு மணி சுமாருக்கு அந்தச் சத்தம் வருகிறது. பத்து நிமிடத்தை உறவினர் ஒரு முறைதான் பயன்படுத்தலாம் என்பதால் தங்கை அறைக்குள் வருவதில்லை. வராந்தாவின் கோடிக்குப் போய்த் திரும்பி வருகிறாள், மறுபடி போகிறாள். பிறகு, தட்டோடு வெளியே வரும் தேநீர்க்காரரைக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறாள்.

"அண்ணே, இன்னைக்குக் கோப்பை?"

"காலிம்மா."

"முழுசா காலியா?"

"துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு, பாரேன்."

அதைக் கேட்டுக்கொண்டு அவள் போகிறாள். கதவுக்கு இந்தப் பக்கம் தொட்டியக்கா நாக்கில் ஒட்டியிருக்கும் பிடிக்காத சர்க்கரையை விழுங்குகிறாள். தேநீர்க்காரர் ஏட்டைத் திறந்து 'ஆவியாதல்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்.